பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சிங்கம்

1988, தை. செவ்வாய்

வா டைரி. சௌக்கியமா? பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது உன்னைப் பரண்மேல் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. காலையில் நல்ல பனி. கொரட்டூர் ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை.

பூந்தமல்லி பங்களா அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு பாண்டிச்சேரிக்கு, மகளிடம் போகிறார். அந்தத் தோட்டத்துக்கு வருஷக்கணக்காகத் தண்ணீர் பாய்ச்சியவன் நான். கூடத்துப் பெரிய படத்தின் முன்னால் நான் நின்றுவிடுவது அவருக்குத் தெரியும். "நீயே எடுத்துக்கோ முனுசாமி. இத ஆசையா பார்த்தது நீ ஒருத்தன்தான்" என்றார்.

காலமான அவர் கணவர் பிரெஞ்சுக்காரர்; அவருடைய முன்னோர் பிரான்சில் பெரிய ஜமீனாம். அவர்கள் வரையச் சொன்ன படம். மலை, ஆறு, பொழுது சாய்கிற வானம், தூண் தூணாக ஒரு கோயில். சட்டத்தில் அந்த வீட்டு முத்திரை: கேடயம், மேலே கிரீடம், உள்ளே இரண்டு காலில் நிற்கிற சிங்கம், அதன் கையில் கதிர்க்கட்டு. சிங்கத்துக்கு எதற்குக் கதிர்? கேட்க மறந்துவிட்டேன்.

மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தேன். குமணன்சாவடி டீக்கடையில் ஒருத்தன்: "இன்னா அண்ணாத்தே, கட்டில் எங்க? தலமாடு மட்டும் போவுது!"

"பிரான்ஸ் ஜமீன் ஊட்டுப் படம்டா."

"அப்ப ஜமீன எங்க எறக்கி வுட்ட?"

வானகரத்தில் வண்டிக்காரர் தன் மச்சான் எருமை தொலைத்த கதையைச் சொல்ல வண்டியை நிறுத்திவிட்டார். நல்ல கதைதான். எருமை கிடைத்துவிட்டது.

வீட்டில் என் மனைவி தனலட்சுமி பார்த்தாள். தூண்களைப் பார்த்தாள். பாதி நிற்கிறது, பாதி கீழே கிடக்கிறது, கூரை இல்லை.

"யோவ், பாழடைஞ்ச கோயில ஊட்டுக்குள்ள தூக்கினு வந்துகீறியே! ஞாயித்துக்கெயம பொண்ணு பார்க்க வராங்கன்னு நெனப்பு கீதா?"

புதன்

வெயில். தனம் என்னோடு பேசவில்லை. அவள் அக்கா வந்து அவளுக்கும் சேர்த்துப் பேசினாள். இடிந்த கோயில் படம் மாட்டினால் வீடும் அப்படியே ஆகுமாம். போன தடவை எங்கள் மகள் செல்வியைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் சுவர்க் கடிகாரம் ஓடவில்லை, சகுனம் சரியில்லை என்று காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். குழந்தை ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

முடிவு: சனிக்கிழமைக்குள் படம் வெளியே.

வாங்க வேண்டியது: ரவை, முந்திரி, வெற்றிலை, கடிகாரத்துக்கு பேட்டரி (முதலில் இது).

வெள்ளி

இன்று மழைத் தூறல், தை மாதத்தில்! அதைவிட அதிசயம் கேள்.

தனம் வீடு முழுக்கத் துடைத்தாள். படத்தின் அடிப்பாகம் விளக்குப் புகை ஏறி ஒரே கறுப்பு. "போறதுதான் போவுது, சுத்தமா போவட்டும்" என்று ஈரத்துணியால் ஒரு இழுப்பு. நான் பதறி எழுந்தேன். அவள் துணியோடு அப்படியே நிற்கிறாள்.

"யோவ், இங்க மாடு கீது."

கறுப்புக்குள்ளிருந்து ஒரு ஜோடி மாடு. பின்னால் வண்டி, வண்டியில் தூண். பக்கத்தில் உளியோடு ஆட்கள், சாரம், கயிறு. கீழே கிடப்பது விழுந்த தூண் இல்லை, தூக்கி நிறுத்தப் போகிற தூண்! வண்டியின் முன்னால் புதுக் கல் ஒன்று. அதில் அதே சிங்கம், அதே கதிர்க்கட்டு.

நான் வாய் திறக்குமுன் தனமே சொன்னாள்: "கட்டிகினு கீறாங்கய்யா! பாழாப்போன கோயிலுக்கு எவனாவது தன் ஊட்டு முத்திரைய புதுசா செதுக்கி எடுத்தாருவானா?"

இத்தனை வருஷமாக நான் பார்க்காததை ஒரே துடைப்பில் பார்த்துவிட்டாள். உடனே அக்கா வீட்டுக்கு ஓட்டம், குடைகூட எடுக்காமல்.

ஞாயிறு

பனி இல்லை. கடிகாரம் ஓடுகிறது. படம் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே. சிங்கத்தின் நெற்றியில் குங்குமம் (தனம் வேலை).

வந்துவிட்டார்கள், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து. மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் ஃபேக்டரியில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் படத்தின் முன் நின்றுவிட்டார். தனம் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஏங்க, இங்க வாங்க. கோயில் கட்டுதாவ பாருங்க! எங்க அம்மனுக்கும் சிங்கந்தான் வாகனம். ஒங்க குலதெய்வமா?"

தனம் கண் இமைக்காமல், "ஆமாங்க" என்றாள்.

கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். செல்வி நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தே சிரித்துவிட்டாள். சம்மதம்! சம்பந்தி சொல்கிறார்: "பத்திரிகைல பிள்ளையாருக்குப் பக்கத்துல அந்தச் சிங்கத்தையும் போட்ருவோம்."

இதை உன்னிடம் சொல்லத்தான் கொல்லைப்பக்கம் ஓடி வந்தேன். பிரான்சில் எந்த மண்ணில் படுத்திருக்கிறாரோ அந்த ஜமீன், அவர் வீட்டுச் சிங்கம் என் மகள் கல்யாணப் பத்திரிகையில்! முதல் பத்திரிகை பங்களா அம்மாவுக்கு. நேரில் போய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அந்தக் கதிர்க்கட்டு எதற்கென்று மறக்காமல்

"யோவ், பொண்ண பெத்தவரே! தட்டு மாத்தணும், எங்க போய் பூந்துகினே?"

இதோ வந்துட்டேன் தனம், அந்தச் சிங்கத்தை மட்டும் இங்கே ஓரமாக வரைந்துவிட்டு