அவள் எழுதாத வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் வழக்கம்போலத்தான். வகுப்பு வலைப்பூ எப்படிப் போகுதுன்னு போன்ல நீ கேட்டப்போ நல்லாப் போகுதுன்னு மழுப்பிட்டேன், மனசு கேக்கல, அதான் இதை எழுதுறேன்.

நீ உருவாக்கிக் கொடுத்த நாள்லேர்ந்து என் நாலாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கால் தரையில பாவல. படிச்ச புத்தகத்தைப் பத்தி நாலு வரி, இருக்கிற ஒரே கம்ப்யூட்டர்ல முறை வெச்சு அடிக்கணும், அவ்வளவுதான். யார் படிச்சாங்க, யார் பதில் போட்டாங்கன்னு காலையில வந்ததும் முண்டியடிக்குங்க. கடைசி பெஞ்சுல தையல்கடைக்காரம்மாவோட பொண்ணு ஒருத்தி, பரீட்சையிலகூட ஒரு வரிக்கு மேல எழுதமாட்டா. முயல்குட்டி தொலைஞ்சு கிடைக்கிற கதையைப் படிச்சுட்டு அவ என்ன எழுதினா தெரியுமா? இதுல அம்மா முயல் திட்டவே இல்ல, இது பொய், தொலைஞ்சு கிடைச்சா முதல்ல அடிதான் விழும், அப்புறம்தான் கட்டிப்பிடிச்சு அழுவாங்க, இதை எழுதினவங்க தொலைஞ்சதே இல்ல போலன்னு. வரிக்கு ரெண்டு பிழை, ஆனா எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு.

சிரிச்சதோட விட்டிருக்கணும். மறுநாள் பெற்றோர் கூட்டம், தலைமையாசிரியை வலைப்பூவைப் பெரிய திரையில போட்டுக் காட்டப்போறதா சொல்லியிருந்தாங்க. அவ அம்மாவும் உக்காந்திருப்பாங்களே, நாலு பேர் முன்னாடி சங்கடமாப் போயிடுமேன்னு பிழை திருத்தப் போன கை, மொத்தத்தையும் அழிச்சுட்டு, தாயன்பை அழகாக எடுத்துரைக்கும் சிறந்த கதைன்னு போட்டுடுச்சு. கூட்டத்துல அவளை எழுந்து வாசிக்கச் சொன்னாங்க. திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, இது நான் எழுதலையேன்னு மெதுவாச் சொன்னா. கூச்சப்படுறான்னு நினைச்சுத் தலைமையாசிரியையே வாசிச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க பாப்பா, நானும் தட்டினேன். அப்புறம் தனியாக் கூப்பிட்டு உன் நல்லதுக்குத்தாம்மா மாத்தினேன்னு சொன்னதுக்கு, அப்போ கீழே உங்க பேரைப் போட்டுக்கோங்க டீச்சர்ன்னா. கோபமாக்கூடச் சொல்லல.

தூக்கமே வரல. மறுநாள் பிள்ளைங்க எல்லார் முன்னாடியும் நான் செஞ்சது தப்புன்னு சொல்லிட்டு, பழையபடி எழுதித் தா கண்ணுன்னு கேட்டேன். மறந்துபோச்சு டீச்சர்ன்னுட்டா. சாயந்திரம் தையல்கடைக்குப் போய் அவ அம்மாகிட்டயும் விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா மெஷினை நிறுத்திட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. போன வருஷம் கடைவீதியில காணாமப் போயிக் கிடைச்சப்போ அப்படித்தான் டீச்சர் முதுகுல ஒண்ணு வெச்சேன், அவ எழுதினது அச்சு அசல் நிஜம், அன்னைக்கே வாசிச்சிருந்தா நான் எழுந்து நின்னு கை தட்டியிருப்பேனேன்னாங்க. யாருக்காகப் பயந்தேனோ அவங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?

போன வாரம் மூக்குக்கண்ணாடி போட்ட இன்னொரு குட்டி, இந்தப் புத்தகம் ஒரே போர், பாதியிலேயே மூடிட்டேன்னு அடிச்சா. எனக்குக் கை துறுதுறுத்துச்சு, ஆனா தொடல. திரும்பிப் பார்த்தா தையல்கடைப் பொண்ணு பின்னாடி நிக்கிறா, என் கையையே பார்த்துக்கிட்டு. அது அப்படியே வலைப்பூவுல ஏறுற வரைக்கும் நின்னுட்டுப் போய் உக்காந்துட்டா. இன்னும் எழுத வரல.

நீ பதில் போட்டு அவளை ஊக்கப்படுத்துறேன்னு கிளம்பிடாதே, அவளா வரட்டும். மழையில நனையாதே, இருமல் மருந்தைப் பாட்டிலோட அலமாரியில வெச்சு அழகு பார்க்காம குடி. நீ நினைச்சதெல்லாம் நடந்து, மனசு நிறைஞ்சு இருக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் வாழ்த்துறோம்.

உன் நினைப்பாவே இருக்கும்,
அம்மா