கடை பேருக்கு வந்த கடிதங்கள்

இன்று காலை கடையின் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இணையத்தில் நம் கடையின் பெயர் இன்னும் முப்பது நாளில் காலாவதியாகிறது, புதுப்பித்துக்கொள்ளவும் என்று. மருந்துக்குத்தான் காலாவதி உண்டு என்று நினைத்திருந்தவள் நான். பணத்தைக் கட்டிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இரண்டு தையலைப் பிரித்துத் தைத்தும் கோணலாகவே போனது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஒன்பது வருஷம் இருந்தோம். நீ ராயபுரத்திலிருந்து வருவாய், நான் எம்.கே.பி. நகரிலிருந்து. அது மூடியதும் திருவொற்றியூரில் மாடியறை ஒன்றை எடுத்து, தொழிற்சாலை ஆட்கள் போடும் பாய்லர் சூட் தைக்கலாம் என்று சொன்னது நீதான். வடக்கே எங்கு பார்த்தாலும் புகைபோக்கி, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஏதோ ஒன்றை உடுத்தித்தானே ஆகவேண்டும் என்றாய். நான் வெட்டினேன். நீ தைத்தாய், அலைந்தாய், ஆர்டர் பிடித்தாய். கூட ஐந்து பெண்கள்.

அந்த ஈமெயில் முகவரி உனக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரவுசிங் சென்டர்காரர் இலவசமாகத் திறந்து கொடுத்தது. நீ கேட்ட பெயரெல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டார்களாம். கடைசியில் அவரே 'ஸ்வீட் ஏஞ்சல்' என்று போட்டு, பின்னால் நாலு எண்ணும் சேர்த்துவிட்டார். தேவதைதானே, சர்ச்சுக்குப் போகிறவளுக்குப் பொருத்தம்தான் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். விசிட்டிங் கார்டிலும் அதையே அச்சடித்தோம்.

மணலித் தொழிற்சாலை ஒன்றில் வருடாந்திரப் பராமரிப்புக்கு முந்நூறு சூட் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விலையை ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். புதன்கிழமையே அனுப்பினாய். அடுத்த புதன் வரை பதில் இல்லை. டேங்கர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் ஊர்ந்து, இரண்டு பேரும் நேரில் போனோம்.

பர்ச்சேஸ் ஆபீசர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். தேடிப் பார்த்துவிட்டு, வேண்டாத குப்பையோடு குப்பையாக நம் கடிதம் ஒதுங்கிக் கிடந்ததாகச் சொன்னார். "இந்தப் பேரைப் பார்த்தா கம்பெனின்னு யாரும்மா நினைப்பாங்க?" என்றார். ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. பக்கத்து மேஜையில் ஒருவன் எட்டிப் பார்த்து, "ஸ்வீட் ஏஞ்சல்" என்று இழுத்துப் படித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தாய்.

திரும்பும்போது பஸ் டிக்கெட்டை நகத்தால் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே வந்தாய். அந்த மாதம் ஐந்து பெண்களில் மூன்று பேரை வேலை இல்லை என்று வீட்டில் இருக்கச் சொன்னோம். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான்.

மறுவாரமே கடையின் பெயரில் சொந்த முகவரி வாங்கப் போவதாக வந்து நின்றாய். வருஷா வருஷம் பணம் கட்டவேண்டும் என்றதும் எனக்கு எரிச்சல். நமக்குள் நடந்த ஒரே பெரிய சண்டை அதுதான்.

"கையில தொழில் கீது. அது பத்தாதா? பேரு இன்னாத்துக்கு?" என்றேன்.

"தொழில் உன் கையில கீது மே. மணலில உக்காந்துகினு கீறவனுக்கு உன் கை தெரியாது. பேருதான் தெரியும்."

நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் புதுக் கார்டு ஒன்று கிடந்தது. முன்னால் 'ஆபீஸ்', பின்னால் நம் கடையின் பெயர். அவ்வளவுதான் முகவரி. சமாதானம் ஆகிற சாக்கில், இவ்வளவு அலைந்தாயே, உன் பெயரையாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"நாளைக்கு நான் வரலன்னா? என் பேருக்கு வந்த லெட்டரை நீ பிரிப்பியா? கடை பேருக்கு வந்தா பிரிப்ப."

அந்தக் கார்டோடு மறுபடியும் மணலிக்குப் போனாய். என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடத்து ஆர்டர் நமக்கு வந்தது. வீட்டில் இருக்கச் சொன்ன மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டோம். முட்டியில் இரட்டைத் துணி வைத்தால் சீக்கிரம் கிழியாது என்று அந்த ஆபீசருக்கு நீயே வாசலில் நின்று விளக்கினாயாம். அதன்பின் எண்ணூரிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் கேட்டு எழுதினார்கள். தினமும் காலையில் பதில் போட்டுவிட்டுத்தான் மெஷினில் உட்காருவாய். என்னையும் கற்றுக்கொள்ளச் சொன்னாய். இங்கிலீஷ் எனக்கு வராது என்று நழுவினேன்.

மஞ்சள் காமாலை என்றுதான் தொடங்கியது. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காசிமேட்டுக் கல்லறையில் உன்னை விட்டுவிட்டு வந்த நான்காம் நாள் கடையைத் திறந்தேன். பதினோரு கடிதங்கள். டியர் மேடம், டியர் மேடம் என்று. சைஸ் கேட்டு, தேதி கேட்டு. ஒருவருக்கும் நீ இல்லாதது தெரியவில்லை. நீ முன்பு அனுப்பியவற்றைத் தேடி எடுத்தேன். உன் வாக்கியங்களைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்து, பதில் போட்டேன். சாயங்காலம் எண்ணூரிலிருந்து ஒருவர், வழக்கம்போல உடனே பதில் தந்ததற்கு நன்றி என்று எழுதினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. செருப்பு கூடப் போடாமல் இறங்கி ஹைரோட்டில் போய் நின்றேன். நீ செத்துப்போனது தெரியாமல் தொழில் நடக்கிறது. அப்படி நடக்கவேண்டும் என்றுதான் நீ ஏற்பாடு செய்தாய். ஐந்து பேருக்கும் வேலை இருந்தது. நல்லதுதானே? ஆனாலும் உன் மேலேயே கோபம் வந்தது. உன் பெயரைப் போட்டிருந்தால், பதில் வராமல் போயிருந்தால், யாராவது உன்னைத் தேடியிருப்பார்கள். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுக்க இறங்கவில்லை.

ஐந்து மாதம், எழுதிக் கேட்ட யாருக்கும் நீ இல்லை என்று சொல்லாமல் இருந்தேன். பிறகு அந்த மணலி ஆபீசர் எழுதினார். நீங்கள் அன்று சொன்னபடியே இந்த முறையும் முட்டிக்கு இரட்டைத் துணி வையுங்கள் என்று. நீங்கள் என்று அவர் எழுதியது உன்னை. அதற்கு நான் எப்படி ஆமாம் போடுவது? அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அதைச் சொன்னவர் இப்போது இல்லை, நான் அவருடைய கூட்டாளி என்று எழுதினேன். அடியில் முதல்முறையாக என் பெயரைப் போட்டேன்.

அன்றே பதில் வந்தது. மேடம் என்று இல்லை, என் பெயரை எழுதியிருந்தார். நீங்கள் இருவரும் முதலில் வந்த அன்று என் ஆட்கள் சிரித்தபோது நான் தடுக்கவில்லை, அவரிடம் ஒருநாள் சொல்லவேண்டும் என்று இருந்தேன் என்று எழுதியிருந்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு அச்செடுத்து, ராயபுரத்தில் உன் அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அம்மா அதை வாங்கி மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

என் இங்கிலீஷ் இப்போது பரவாயில்லை. பதில் போடாத கடிதம் ஒன்று இருந்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழிக்கிறேன். முன்பு நான் இப்படி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். இந்தப் பதைப்பு உன்னுடையது. நீ எடுத்துக்கொண்டு போகவில்லை.