கார் சீட்டும் தள்ளுவண்டியும்

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. ஏழாம் மாதம் நல்லபடியாகப் போகிறது. எனக்கு வாந்தி நின்றுவிட்டது. நான் சாப்பிடுகிற அளவைப் பார்த்து உங்கள் பிள்ளைக்குத்தான் மயக்கம் வருகிறது.

போனில் என் குரல் தகரக்கூரையில் மழை பெய்வது போலக் கேட்கிறது என்றீர்களே, அதனால்தான் கடிதம். மருந்துக்கடை அண்ணன் படித்துக் காட்டுவார் என்று தெரியும். அண்ணா, வணக்கம். கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.

இப்போது வீட்டில் ஒரே பேச்சு கார் சீட்டும் தள்ளுவண்டியும்தான். இரண்டையும் சேர்த்து எடுப்பது நல்லது என்கிறார்கள். மாதாமாதம் கட்டிக்கொள்ளலாமாம். கார் சீட் இல்லாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எதை எடுப்பது என்று புரியாமல் முழிக்கிறோம். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்
மருமகள்


மார்ச் 17

மருமகளுக்கு, மாமா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது.

கடிதம் வந்தது. உனக்கு வாந்தி நின்றது என்று கேட்டு மனசு குளிர்ந்தது. ஆனால் அடுத்து எழுதியிருந்ததைக் கேட்டதும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

அம்மா, கார் சீட்டில் சேராதே. சீட்டு நடத்துகிறவன் முதல் ரெண்டு மாசம் சிரித்துக்கொண்டே நிற்பான், மூணாம் மாசம் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். இந்தத் தெருவில் அழுதவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அதிலும் சீட்டுப் போட்டால்தான் குழந்தையைத் தருவோம் என்கிறார்களே, அது என்ன ஆஸ்பத்திரி? டாக்டரே சீட்டு நடத்துகிறாரா? கடையில் மருந்து வாங்க வந்த பெண் ஒருத்தி, "ஆஸ்பத்திரியை உடனே மாத்தச் சொல்லுங்க பெரியவரே"ன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

தள்ளுவண்டி விஷயமும் விளங்கவில்லை. பழம் விற்கப் போகிறீர்களா? இருக்கிற வேலை போதாதா?

கார் வேண்டுமென்றால் நம்மிடம்தான் இருக்கிறதே. மூத்தவளை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். உன் புருஷன் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தக் கார் வீட்டுக்கு வந்துவிட்டது, அதனால்தான் அவளுக்கு அந்தப் பேர். ஆஸ்பத்திரியிலிருந்து உன் புருஷனைக் கொண்டுவந்ததும் அவளில்தான். நல்ல மழை. வைப்பர் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. உன் அத்தை பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க"ன்னு சொல்லிக்கொண்டே வந்தாள். நான் போன வேகத்துக்கு, சைக்கிளில் போன ஒருத்தன் எங்களைத் தாண்டிப் போனான். போனவன் திரும்பி, குனிந்து உள்ளே பார்த்தான். பச்சை ரெயின்கோட். "பையனா?"ன்னு கேட்டான். அந்த மழையிலும் உன் அத்தை கண்ணாடியை இறக்கிப் பதில் சொன்னாள்.

அவள் இருந்திருந்தால் இந்தப் பிள்ளையையும் அப்படித்தான் கொண்டுவந்திருப்போம். அவள் இல்லை. நான் இருக்கிறேன், வண்டி இருக்கிறது. உன்னிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது என் வேலையாக இருக்கட்டும்.

○
மாமா

(பெரியவர் கையெழுத்துக்கு எப்போதும் இந்த வட்டம்தான். சக்கரமாம். நான் படித்தது 'சீட்', அவர் காதில் விழுந்தது 'சீட்டு'. சொல்லிப் பார்த்தேன், "நீ எழுதுய்யா"ன்னு விட்டார். - மருந்துக்கடை)


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் பிள்ளை படித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து நான் உட்கார வேண்டியதாயிற்று, உள்ளேயிருந்து ஒரு உதையும் விழுந்தது. டாக்டர் சீட்டு நடத்தவில்லை மாமா. இது உட்காருகிற சீட். காருக்குள் குழந்தையைப் படுக்க வைத்து வாரால் கட்டுகிற சின்னத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியும் குழந்தையை வைத்துத் தள்ளத்தான். கீழே சக்கரத்தோடு ஒரு சட்டம் இருக்கும். காரிலிருந்து தொட்டியைக் கழற்றி அதில் வைத்தால் 'கடக்'கென்று பிடித்துக்கொள்ளும். தொட்டியை எடுத்துவிட்டுத் தட்டையான படுக்கையையும் அதிலேயே மாட்டலாம்.

நேற்றுக் கடைக்குப் போனோம். குழந்தை எடையில் ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உங்கள் பிள்ளை பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு செட் தூக்க லேசு, ஆனால் சக்கரம் பொடிசு, நடைபாதைக் கல்லில் தடுக்கும். இன்னொன்றுக்குப் பெரிய சக்கரம், ஆனால் மாடிப்படியில் தூக்கினால் இடுப்பு போய்விடும். இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்தத் தொட்டியைக் கட்ட, கார்ப் பின்சீட்டில் தோளுக்குக் குறுக்கே வருகிற பெல்ட் இருக்க வேண்டும். மூத்தவளில் இருக்கிறதா மாமா? உங்கள் பிள்ளையைக் கேட்டால், "நீயே எழுதிக் கேளு, எனக்கு வாய் வராது"ன்னு பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

உங்கள்
மருமகள்


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

பெல்ட் இல்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதாம், போல்ட் போட்டாலும் நிற்காதாம். "பெரியவரே, பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தா தரை கையோட வரும்"ன்னு சிரித்தான். சிரிக்கிற விஷயமா இது?

நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். உன் புருஷனை அப்படித்தான் கொண்டுவந்தேன். அவனுக்கு ஒரு கீறல் விழவில்லை. இன்று உட்கார்ந்து விலை விசாரிக்கிற அளவுக்கு நன்றாகத்தானே இருக்கிறான்? எனக்கு எழுத அவனுக்கு வாய் வராதா? எழுதுவதற்கு வாய் எதற்கு, கைதானே வேண்டும்!

யோசித்துச் சொல்லு.

○
மாமா

(பெரியவர் வட்டம் போட்டுவிட்டு எழுந்தார். மாத்திரை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார், நான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். - மருந்துக்கடை)


ஏப்ரல் 10

அன்புள்ள மாமாவுக்கு,

யோசித்தேன். முடியாது மாமா. பெல்ட் இல்லாத காரில் குழந்தையை அனுப்ப மாட்டேன். நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள், தெரியும். எதிரே வருகிறவன் மெதுவாக வருவானா? நீங்கள் என்மேல் கோபப்பட்டாலும் இதில் மாற்றமில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் உங்கள் வீட்டுக்கு வந்த புதிது. வேலைக்கு நேர்முகத்தேர்வு. நீங்கள்தான் மூத்தவளில் கொண்டுபோனீர்கள். பாதி வழியில் நின்றுவிட்டாள். நீங்கள் இறங்கி, "ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்க, நான் தள்றேன்"னீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது என்று கத்தினேன். "யாரு ஓட்டச் சொன்னா, பிடிச்சுக்க"ன்னு பின்னால் போய்விட்டீர்கள். வீட்டில் வேறு யாரையும் தொட விடாத வண்டி. பழகாத கையில் கொடுத்துவிட்டுத் தள்ளினீர்கள். நான் இடது பக்கம் திருப்பினேன், எஞ்சின் பிடித்தது, வேலையும் கிடைத்தது. அன்றைக்கு நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்று நாங்கள் செட்டை எடுத்துவிட்டோம். பெரிய சக்கரம் உள்ளதுதான். கடைப்பெண், "மாடி வீடுன்னீங்களே, இதையா எடுக்கறீங்க?"ன்னு இரண்டு முறை கேட்டாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பூங்கா, ஒரு சிக்னல், அவ்வளவுதான். வழி முழுக்க நடைபாதை. அங்கங்கே கல் தூக்கிக்கொண்டிருக்கிறது, பெரிய சக்கரத்துக்கு அது பொருட்டில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டேன். காரில் போனால்தான் சீட் கட்டாயம், நடந்து போனால் படுக்கை போதும் என்றார்கள்.

நீங்கள் தள்ளிக்கொண்டு வருகிறீர்களா மாமா?

தையல் போட்டால் என்னால் நடக்க முடியாது. நான் டாக்ஸியில் முன்னால் போய் வாசலில் நிற்கிறேன். உங்கள் பிள்ளை பக்கத்தில் நடந்து வருவார். குழந்தை அழுதால் உங்களுக்குக் கேட்காதே, அவர் தோளைத் தொட்டுச் சொல்வார்.

அன்றைக்கு உங்கள் மூத்தவளை என் கையில் கொடுத்தீர்கள். இப்போது என் முறை.

உங்கள்
மருமகள்


ஜூன் 21

என் மருமகளுக்கும் பேத்திக்கும் மாமா சொல்வது, தாத்தா சொல்வது.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது மூத்தவள் உறுமக்கூட இல்லை, பார்த்தாய் அல்லவா. கண்ணாடியில் பார்த்தேன், உன் புருஷன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளிய தள்ளு! "உங்க தள்ளுவண்டிக்கு எப்பப்பா சீட்டு எடுக்கப் போறீங்க?"ன்னு கத்தினான். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வந்ததும் வராததுமாகக் கடைக்குத்தான் வந்தேன். தெருவே காத்திருந்தது. ஆஸ்பத்திரியை மாற்றச் சொன்னாளே, அவளும்தான். பேத்தியைத் தள்ளிக்கொண்டு வந்த கதையை எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்ல வேண்டும், நீதான் டாக்ஸியில் போய்விட்டாயே.

அந்தப் படுக்கையைச் சட்டத்தில் வைத்தேன். 'கடக்'கென்று சத்தம் வரும் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையில் தெரிந்தது. ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் நர்ஸ் பிள்ளையை வைத்தார். பூங்காப் பக்கம் நடைபாதைக் கல் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் சக்கரம் ஏறி இறங்கியது, பிள்ளை புருவத்தைக்கூடச் சுருக்கவில்லை. நீ எடுத்தது சரியான செட். சிக்னலில் பச்சை விழுந்தும் நான் போகவில்லை. உன் புருஷன், "போங்கப்பா, போங்கப்பா"ன்னான். அடுத்த பச்சைக்குத்தான் போனேன். பின்னால் வேகமாக வந்த ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போய், நின்று, குனிந்து பார்த்தார். என்னவோ கேட்டார். உதட்டைப் பார்த்தேன். "பொண்ணு"ன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று உன் புருஷன் தலையாட்டினான். அப்புறம் கொஞ்ச தூரம் எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை. அவன் கைப்பிடியில் ஒரு ஓரத்தில் கை வைத்துக்கொண்டான்.

வாசலில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "உள்ளே போய் உக்காரு"ன்னு சத்தம் போட்டேன். கோபமில்லை அம்மா அது.

அடுத்த வாரம் ஊசி போட டாக்ஸியில் போனோமே, அப்போது நீ அந்தச் சீட்டில் பிள்ளையை வைத்து வாரைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தாய். முன்சீட்டிலிருந்து திரும்பி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வண்டியில் அதைக் கட்ட இடமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக ஏறியது. இனி மூத்தவளின் பின்சீட்டில் ஆள் ஏற்ற மாட்டேன். காய்கறிதான்.

ஒன்று சொல்ல வேண்டும். காது கேட்காதவனிடம் யாரும் 'இல்லை', 'முடியாது' என்று சொல்வதில்லை. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் அவர்கள் இஷ்டப்படி செய்துகொள்வார்கள். என் பிள்ளையும் அப்படித்தான். நான் அதற்குப் பழகிவிட்டேன். நீதான் மெனக்கெட்டு உட்கார்ந்து, முடியாது என்று எழுதி, தபாலில் அனுப்பினாய். அன்றைக்கு அதைப் படித்தபோது இரண்டு பேர் கடையில் நின்று கேட்டார்கள், எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது வேறு மாதிரி இருந்தது. என்னையும் ஒரு ஆளாக வைத்து எனக்கு ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள் என்று இருந்தது. அதற்கு நன்றி அம்மா. பிள்ளையைத் தள்ளத் தந்ததற்கு நன்றிகூட அதற்கு அப்புறம்தான்.

அந்த நேர்முகத்தேர்வு அன்றைக்கு நீ வலது பக்கம்தான் திருப்பினாய், இடது இல்லை. குப்பைத்தொட்டியில் இடித்தாய். பம்பரில் பள்ளம் இன்னும் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்ணிடம் அதை எதற்குச் சொல்வது என்று விட்டேன்.

○ ○ ○ ○
மாமா

(இந்தத் தடவை எதற்கு நாலு வட்டம் என்று கேட்டேன். "யோவ், ஒத்தைச் சக்கரத்துல பிள்ளையை எப்படிய்யா தள்றது?"ன்னு கேட்டுவிட்டு, மாத்திரையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். - மருந்துக்கடை)