அண்ணன் பேருக்குக் கைதட்டு

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். மழை வருவதற்கு முன்னாலேயே அவள் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். நானும் நலம் என்று எழுத மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வருஷம் காப்பி நன்றாகக் காய்த்தது. ஊரில் காப்பி விவசாயிகள் சங்கம் வருவதற்கு முன்பு நாம் பறித்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஒரே செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. என் கூடையில் பச்சைக்காய் ஒன்று கிடந்தால் போதும், எடுத்து என் தலையிலேயே எறிவாய். தரகர் பழமா காயா என்று பார்த்ததே இல்லை. மூட்டைக்கு ஒரு உதை, வாய்க்கு வந்த விலை. "இவன் எட்டி உதைக்கவா நாம பொறுக்கிப் பொறுக்கிப் பறிக்கிறோம்?" என்று நீ நடுரோட்டில் கத்தினாயே, நம் சங்கத்தின் முதல் கூட்டம் அதுதான்.

நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து ஊறல் தொட்டியில் நான் மட்டும்தான் கையை விட்டுப் பார்க்கிறேன். தோல் உரித்த கொட்டையைத் தேய்த்துப் பார்த்து, வழுவழுப்பு போய்க் கரகரவென்று சத்தம் வந்ததா இல்லையா என்று எவ்வளவு சண்டை போட்டிருப்போம்! அவசரக்குடுக்கை நீ, "வந்தாச்சு, கழுவு" என்பாய். இப்போது சரியான பதத்தில்தான் கழுவுகிறேன். சண்டை இல்லாதது ஒன்றுதான் குறை.

அதனால்தானோ என்னவோ, சங்கத்தில் ருசி பார்க்கும் நாளில் நம் காப்பி முதலிடத்தில் வந்தது. மூஞ்சியைப் பார்த்து மார்க் போடக்கூடாது என்று நீ கொண்டுவந்த வழக்கம் மாறவில்லை. யார் வீட்டுக் காப்பி என்று தெரியாமல்தான் கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சினார்கள். முடிவில் சங்கத் தலைவர் எழுந்து உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன். பிறகுதான் என் நகக்கண்ணில் இருந்த காப்பிக் கறையைப் பார்த்தேன்.

போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அது உங்க அண்ணன் இடம்மா, நீ போய் எல்லாருக்கும் காப்பி ஊத்து" என்றார் தலைவர். "அண்ணன் வந்தா எழுந்துக்கப் போகுது, விடுங்க" என்று சங்கத்து மூட்டை ஏற்றும் லாரிக்காரர் சொல்லிப் பார்த்தார். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர், விதி என்றார்கள். பறிப்பது, உரிப்பது, காயப்போட்டது நனையாமல் மழையில் ஓடுவது எல்லாம் பெண்கள். கூட்டத்தில் கை தூக்குவது ஆண்கள். சங்கம் விற்கும் காப்பிப் பாக்கெட்டில் மட்டும் நியாய வணிகம் என்று முத்திரை. யாருக்கு நியாயம்? என் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விதியும் இருக்கிறது, நீயே சண்டை போட்டுக் கொண்டுவந்தது. கொடுத்த கெடுவுக்குள் தோட்டத்தில் கால் வைக்காதவனுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று. வருகிற கூட்டத்தோடு உன் கெடு முடிகிறது. உன் பேரை எடுத்துவிட்டால் நம் காப்பியைச் சங்கம் வாங்காது. நம் மூட்டை மறுபடி தரகர் காலடிக்குத்தான் போகும்.

இடத்தைத் தங்கைக்குக் கொடுக்கிறேன், நிலத்தையும் அவள் பேருக்கு மாற்றுகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி நீ போனில் சொன்னால் போதுமாம். தலைவரிடம் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், நீ இனி வரமாட்டாய் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். இன்னமும் உன் கூடையை வெயிலில் வைத்து எடுக்கிறாள்.

கூட்டத்தன்று போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன். கட்டாயம் கூப்பிடு. நீ சொன்னதும் அந்த நாற்காலியில் உட்காருவேன், யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஆனால் அண்ணா, போன் அடிப்பதற்கு முன்னால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், அத்தனை பேருக்கும் நானே சந்தோஷமாகக் காப்பி ஊற்றுவேன்.

உன் பக்கத்துக் கூடைக்காரி,
தங்கை