அளக்காமல் கொடுத்த சுருள்

அன்புள்ள அப்பாவுக்கு,

புனிதா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? ஜொகூரில் மழை விட்டதா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. இதைக் கத்திச் சொல்ல எனக்கும் துணிவில்லை.

நான் வேலை செய்யும் புந்தோங் வேப் கடைக்கு, அதுதான் அந்த மின்சிகரெட் கடைக்கு, போன வாரம் பஸ் ஓட்டும் தர்மா அண்ணன் வந்தார். புகை நிறைய வேண்டும் என்றார். அதற்காக மின்தடை குறைந்த கம்பிச்சுருள் கட்டிக் கொடுத்தேன். அது இழுக்கும் மின்சாரத்தைப் பேட்டரி தாங்குமா என்று முதலில் சுருளை மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். கடையில் கூட்டம், அளக்கவில்லை. மறுநாள் அந்தக் கருவி அவர் கையிலேயே வெடித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

முதலாளி, "பேட்டரி பழசுன்னு சொல்லிரு லா," என்றார். தர்மா அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் அதை நம்பி, "என் தப்புதான் தங்கச்சி," என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்கே போனேன். "அண்ணே, பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அளக்கல." கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ போலாம்," என்று மட்டும் சொன்னார்.

என் பழைய போர்வையை பஸ்ஸில் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் நாலு வரியும் வையுங்கள். முப்பது வருடம் வயர்மேன் வேலை பார்த்தீர்களே, ஒரு நாளாவது அளக்காமல் விட்டதுண்டா? உண்டென்றால் அதை எழுதுங்கள் அப்பா.

கடை திறக்க நேரமாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று முதலாளியிடமும் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
புனிதா