அறையே இல்லாத முன்பதிவுக்கு ஒரு கட்டணம்

தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஓர் இசையை ஓடவிடுவார்களே, அது இன்று காலை முழுக்க என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் பிதுங்கி வழிகிறது. ஓட்டல் வரவேற்பறையில் உன் மகளும் மருமகனும் பெட்டிகளோடும் அழுகிற பிள்ளையோடும் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்தே ஒரு முன்பதிவுச் செயலியில் அறைக்கான முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தவள். ஓட்டலில் அவள் பெயரே இல்லை. நீயாக இருந்தால் அந்த இசை முதல் சுற்று முடிவதற்குள் யாரையாவது பேச வைத்திருப்பாய்.

"அக்கா, அந்தக் கம்பெனிக்கு நாங்க ரூம் குடுக்கதையே நிறுத்தியாச்சு. பழைய ஆளுக தங்கின பணமே இன்னும் எங்களுக்கு வந்து சேரல. ஆனா அவன் இன்னும் எங்க பேரைப் போட்டு வித்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

ஒருவழியாகத் தொலைபேசியில் அந்தச் செயலிக் கம்பெனிப் பெண் பேசினாள். "மேடம், நாங்க இடையில சேர்த்து வைக்கிறவங்க மட்டும்தான். ரூமுக்கு ஓட்டல்தான் பொறுப்பு."

ஊரெல்லாம் பலகை வைத்து, இத்தனை கோடி வியாபாரம் என்று மார்தட்டும்போது இவர்கள் இடையில் இருப்பவர்களாகத் தெரியவில்லையே! அறை இல்லை என்றதும்தான் சுருங்கிக்கொள்கிறார்கள்.

அந்தச் சென்னைக்காரரை நினைத்துக்கொண்டேன். கப்பல் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு, நீயும் நானும் கடற்கரைச் சாலை மாடியில் நம் முன்பதிவுத் தளத்தைத் தொடங்கி, திருச்செந்தூர், மணப்பாடு, தூத்துக்குடி என்று நாற்பது விடுதிகளைச் சேர்த்திருந்த நேரம் அது. நீ விடுதிக்காரர்களிடம் பேசுவாய், நான் கணக்கு. நம் தளத்தில் முதலீடு செய்ய வந்த அவர் என் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாயிரம் ரூபாய் அறையில் ஆயிரத்து எழுநூறு விடுதிக்கு, முந்நூறு நமக்கு. அந்த முந்நூறைத்தான் நான் வருமானமாக எழுதியிருந்தேன்.

"ரெண்டாயிரத்தையும் வருமானம்னு எழுதுங்க மேடம். ஆயிரத்தெழுநூறைச் செலவுல காட்டுங்க. லாபம் அதே முந்நூறுதான். ஆனா கம்பெனி ஆறேழு மடங்கு பெருசாத் தெரியும். அதைப் பார்த்துதான் அடுத்தவன் பணம் போடுவான்."

நீ தேநீரைக் கீழே வைத்தாய். "சார், ராத்திரி அந்த ரூம்ல தண்ணி வரலன்னா நீங்க போய் மோட்டார் போடுவீங்களா?"

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "ரூம் காலியாக் கெடந்தா நட்டம் ஓட்டல்காரருக்கு. அப்பம் ரூம் அவருக்குள்ளது. நாம ரூமை மொத்தமா வாங்கிப் போட்டு, விக்கலன்னா நம்ம தலையில விழும்னு இருந்தா, ரெண்டாயிரத்தையும் எழுதலாம். இப்பம் எப்படி எழுத?"

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். பணம் கட்டிய அன்றே நம் முந்நூறையும் வருமானத்தில் சேர்த்துவிடலாம் என்று அவர் இறங்கி வந்தபோது, அதற்கும் தலையாட்டவில்லை. "ஆள் அடுத்த மாசந்தான வாரான்? வராமலும் போவான். அவன் வந்து தங்கிட்டுப் போற வரைக்கும் அது நாம திருப்பிக் குடுக்க வேண்டிய பணம்." அவர் நம் ஊர் மக்ரூன் இனிப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனவர்தான். நீ சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். கணக்குப் படித்தவள் நான். ஆனாலும் அன்று உன்மேல் வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவர் பணம் வந்திருந்தால் நாம் இன்னும் ஐந்து வருடம் நின்றிருப்போம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். ஊருக்குள் வெள்ளம், ரயில் இல்லை, முன்பதிவு அத்தனையும் ரத்து. கரண்ட் இல்லாத அலுவலகத்தில் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர் காரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றி ஏற்றி, ஒவ்வொருவருக்காய்ப் பணத்தைத் திருப்பி அனுப்பினாய். தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்ததால் முடிந்தது. நம் முந்நூறையும் சேர்த்து அனுப்பினாய். "ஏளா, அதையாவது பிடிச்சுக்கோ" என்று நான் கெஞ்சினேன். "என்ன வேலை செஞ்சோம்னு பிடிக்க?" என்றாய்.

அடுத்த திருவிழாவுக்கு அவர்களில் பாதிப்பேர் நம்மிடம் வரவில்லை. வருடந்தோறும் நம்மிடமே பதியும் உடன்குடி கருப்பட்டிக்கடை அண்ணாச்சியை நீயே கூப்பிட்டுக் கேட்டாய். "அங்கன எரநூறு ரூவா கொறச்சுத் தாரான்மா. நான் என்ன செய்ய?" என்றார். அந்தப் பெரிய செயலிக்காரன் குறைத்த இருநூறு, அவனுடைய முதலீட்டாளர்களின் பணம். தன் கமிஷனையே தூக்கிக் கொடுத்துவிட்டு நஷ்டத்தில் விற்பவனோடு நாம் எப்படிப் போட்டி போட முடியும்? நம் விடுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் கேட்ட கமிஷன் நம்முடையதைப் போல இருமடங்கு. வாயைத் திறக்க யாருக்கும் வழியில்லை. நாம் மாடியைக் காலி செய்த அடுத்த வருடமே உன் மார்பில் கட்டி வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் உன்னிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சண்டை முடியாமலே கிடக்கிறது.

உன் மகளை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மத்தியானம் அவளுக்குப் பணம் திரும்பி வந்தது, 'சேவைக் கட்டணம்' போக. கேட்டால் அது திருப்பித் தரப்படாதாம். இது எனக்குத் தெரிந்த வித்தை. முன்பதிவு முடிந்த நொடியிலேயே எங்கள் வேலை முடிந்துவிட்டது, கட்டணம் எங்களுடையதாகிவிட்டது என்று அன்றே வருமானத்தில் எழுதிக்கொள்வார்கள். எந்த வேலை முடிந்தது? இல்லாத அறையை விற்றதா?

"விடுங்க சித்தி, சின்ன அமௌண்ட்தானே. இதுக்குப் போய் அலையணுமா?" என்றாள் உன் மகள்.

எனக்கு விட வரவில்லை. வேறொருவருடைய பணத்தை யாராவது தன்னுடையது என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுப்பதில்லை. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதனால் எனக்கு இதுவரை ஒரு லாபமும் இல்லை, இரண்டு வேலைகள் போயிருக்கின்றன. நுகர்வோர் மன்றத்துக்கு அவள் பெயரில் மனு எழுதி முடித்தேன். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

உன் மகள் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே மனுவைப் படித்தாள். பெங்களூருக்குப் போனதிலிருந்து நம் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு, பொதுத் தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். இரண்டாம் முறை படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"இங்கனயா சித்தி கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.