பிரேக் இல்லாத படகில் பால் காய்ச்சினோம், மச்சாள்

என் ஆசை நளினி மச்சாளுக்கு,

போய் வந்துவிட்டோம். இணையத்தில் தேடித் தேடி நீங்கள் பதிந்து வைத்த அதே பாய்மரப் படகு, அதே குரோவாசியக் கடற்கரை. ஓட்டி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுத்து, நாங்களே பாய் விரித்து ஓடினோம். நம்புவீர்களா?

ஒஸ்லோச் சனம் எவ்வளவு பகிடி பண்ணியது! புருசெத்தில் இருக்கிற இரண்டு பெண்கள், ஒருத்தி பாலர் பள்ளியிலும் மற்றவள் முதியோர் இல்லத்திலும் வேலை, சனிக்கிழமைகளில் பியோர்டுக் கடலில் பாய்மரக் கயிறு இழுக்கிறார்களாம். "சமையலை விட்டிட்டு இவையள் எங்கை மிதக்கப் போகினம்?" என்று ஒருவர் கேட்டாரே. "அண்ணை, நீங்கள் கரையிலை நிண்டு கை காட்டுங்கோ, அது போதும்" என்றீர்கள். அந்த வாய் மாசி மாதம் பேசாமல் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் உங்கள் தம்பியின் பக்கத்தில்தான் நின்றார்கள். கூடப்பிறந்தவர், நிற்கத்தான் வேண்டும். நான் அவருடைய மனைவி, உங்களுக்கு மச்சாள், அவ்வளவுதானே. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். மழையில் நனைந்து உங்களோடு கடல் பழகியவள் நான் என்று யாரிடம் சொல்வது?

அதற்குப் பிறகு அவர் உங்கள் பெயரையே எடுக்கவில்லை. நான் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். படகுக்காரர்களோ, என்னைத் தவிரக் கயிறு பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் கட்டாயம் வேண்டும் என்றுவிட்டார்கள். உங்கள் இடம் அது. அவரைக் கேட்டேன்.

"பிரேக் இல்லாத வாகனத்திலை நான் ஏறமாட்டன்" என்றார் பஸ் ஓட்டுகிற மனிதர்.

"அப்ப மச்சாளின்ரை ஆசையைக் குப்பையிலை போடட்டோ?" என்று கத்திவிட்டேன். திவசம் முடியமுன் உல்லாசப் பயணமோ என்று சொந்தங்களும் முணுமுணுத்தன. அடுத்த சனிக்கிழமை நான் பியோர்டுக்கு வெளிக்கிட, மனிதர் தானாகவே கூட வந்தார். கோடை வருமுன் கயிறு பழகிவிட்டார்.

அங்கே படகை ஒப்படைத்த ஆள், "கப்டன் யார்?" என்று கேட்க, இவர் என்னைக் காட்டினார். உள்ளே இறங்கியதும் பையிலிருந்து ஒரு புதுப் பானையை எடுத்தார். ஒரு கிழமை குடியிருக்கப்போகிற இடமாம், பால் காய்ச்சாமல் எப்படி? வாடகைப் படகுக்குப் பால் காய்ச்சுகிற சாதி உலகத்திலேயே நாங்கள்தான்! நான் சிரித்தேன். பாலை ஊற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் புருசெத் வீட்டுக்குக் காய்ச்சியது நீங்கள். தம்பி குடிபுகும் இடத்தில் அக்காதானே பானை வைக்க வேண்டும்?

"ஆர் காய்ச்சுறது?" என்றார்.

"தள்ளுங்கோ. நான் அவவின்ரை மச்சாள்."

படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அதை ஆடாமல் பூட்டி வைக்க அந்த நேரம் மறந்துபோனது. பால் கிழக்குப் பக்கம் பொங்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்க, பானை சரிந்து நாலு பக்கமும் ஊற்றியது. நெருப்பு அணைந்து காஸ் மணந்தது. மேலே நின்ற படகுக்கார ஆள் பாய்ந்து வந்து திருகி மூடினான். எங்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பான். உங்கள் தம்பி பால் வழிந்த தரையில் இருந்துகொண்டு, "அக்கா, அக்கா" என்று அழுதார். நீங்கள் போனபிறகு அவர் அழுதது அன்றுதான்.

அதன்பிறகு வாய் மூடவில்லை. திருகோணமலையில் நீங்கள் அவருக்குக் குட்டியது, கிள்ளியது, எல்லாம் கேட்டேன். "கதையை விட்டிட்டுக் கயிறைப் பிடியுங்கோ!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

மூன்றாம் நாள் நல்ல காற்று. இயந்திரத்தை நிறுத்தினேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும். என்னை அறியாமல் திரும்பி, "மச்சாள், பாருங்கோ!" என்றேன்.

அங்கே உங்கள் தம்பி இருந்தார். கயிற்றைக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு, "உமக்கும்தானே அவ இல்லாமல் போட்டா" என்றார்.

ஐந்து மாதமாக எவரும் சொல்லாத சொல், மச்சாள். சுக்கானைப் பிடித்தபடியே விம்மி விம்மி அழுதேன்.

இனி எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சத்தமாகவே சொல்வோம். அழுகை வந்தால் இரண்டு பேருமாக அழுவோம். அவரைத் தனிய விடமாட்டேன், இது சத்தியம். என்னையும் அவர் விடமாட்டார்.

உங்கள் துக்கத்துக்கு உரித்துக்காரி,
மச்சாள் சுமதி